இட்வல் பள்ளத்தாக்கில் ஒரு பகல்

மலையேறுவது என்றால் நம்மவர்க்கு உச்சியில் ஒரு சந்நிதியாவது இருக்கவேண்டும். பழனியில் படியேறினால் முருகன் இருக்கிறான். சோளிங்கரில் மூச்சிரைக்க ஏறினால் நரசிம்மர் இருக்கிறார். இங்கே குர்தா ரோடு, புவனேசுவரம் பகுதியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களும் கண்டகிரிக்கு ஏறுவதுண்டு. அங்கும் மேலே ஒரு சமணக் கோயில் இருக்கிறது. இறங்கி வந்தால் கட்டுச்சோறு இருக்கிறது. உச்சியில் ஒன்றுமே இல்லாத மலைக்கு, மழையும் காற்றும் அடிக்கும்போது, வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு கூட்டமாக நடந்துபோய்த் திரும்பி வருவதில் என்ன பயன் என்று சென்ற ஆண்டு ஜூன் மாதம் வரையில் நானும் கேட்டிருப்பேன்.

லிவர்பூல் நகரத்து மருத்துவமனை ஒன்றில் என் தங்கை செவிலியாகப் பணிபுரிகிறாள். "அண்ணா, நீயும் குழந்தையும் ஒருமுறை வந்து போகவேண்டும்" என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், சென்ற ஆண்டு விமானச் சீட்டையே வாங்கி அனுப்பிவிட்டாள். விடுப்பும் கிடைத்தது. வயதான என் தாயாரைத் தனியே விடமுடியாதென்று இல்லத்தரசி நின்றுவிட்டாள். பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு நான் புறப்பட்டேன். பதினைந்து ஆண்டு இரயில்வே உத்தியோகத்தில் என் கைக்காசைக் கொடுத்தோ பிறர் காசிலோ சீட்டு வாங்கி நெடுந்தூரம் சென்றது அதுவே முதல் தடவை. நம் பாஸ் கடலைத் தாண்டிச் செல்லாதல்லவா?

தங்கையின் கணவர் மலைநடையில் பற்று மிக்கவர். நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே, வேல்ஸ் நாட்டு மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் வழிகாட்டியுடன் நடத்தப்படும் கூட்ட நடைக்கு எங்கள் மூவர் பெயரையும் பதிந்து வைத்திருந்தார். தங்கைக்கு அன்று பணி. ஆகையால் விடியற்காலையில் எழுந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக் கொடுத்து எங்களை வழியனுப்பினாள்.

லிவர்பூலிலிருந்து செஸ்டர் சென்று, அங்கிருந்து கடலோரமாக மேற்கு நோக்கிப் பாங்கர் என்னும் ஊர்வரை இரயில் பிரயாணம். எந்த நாட்டு இரயிலில் ஏறினாலும் என் கண் மலையையும் கடலையும் பார்ப்பதற்கு முன்னால் சிக்னலையும் நிலையத்துப் பெயர்ப்பலகையையும் தேடும். தொழிற்பழக்கம். வேல்ஸ் எல்லைக்குள் நுழைந்தபின் பலகைகளிலும் ஒலிபெருக்கியிலும் இரண்டு மொழிகள்: முதலில் வெல்ஷ், பிறகு ஆங்கிலம். கான்வி என்ற ஊரில், எட்வர்டு மன்னன் கட்டிய பழைய கோட்டையின் மதிலை ஒட்டி ஆற்றைக் கடக்கும் பாலம் பாலமாகவே தோன்றவில்லை. அது ஓர் இரும்புக் குழாய். இராபர்ட் ஸ்டீவன்சன் அமைத்து 1848இல் திறக்கப்பட்ட அந்தக் குழாய்க்குள் இன்றும் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பாங்கர் நிலையம் இரு குகைகளுக்கு நடுவே அமைந்தது. ஒன்றிலிருந்து வெளிவந்து நின்ற வண்டி, நாங்கள் இறங்கியதும் அடுத்ததற்குள் புகுந்து மறைந்தது. மகள் கைகொட்டிச் சிரித்தாள்.

அங்கிருந்து பேருந்து. வழியில் பெத்தெஸ்டா என்ற சிற்றூர். அதன் பின்னணியில் ஒரு மலையையே படிப்படியாக அரிந்து எடுத்திருக்கிறார்கள். கூரை வேயும் பலகைக்கல் வெட்டும் பென்ரின் சுரங்கம் அது. 1900 நவம்பரில் அங்கே சுமார் 2,800 தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறி மூன்று ஆண்டுகள் போராடினர். தம் வீட்டில் துரோகி எவரும் இல்லை என்று அச்சிட்ட அட்டையைச் சன்னலில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தனராம். கடைசியில் தோற்றனர். பலர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். சுரங்கத்தின் உடைமையாளரான பென்ரின் பிரபு குடும்பத்தின் பழைய செல்வம், ஜமைக்காத் தீவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. பேருந்துச் சன்னல் வழியே இரண்டு நிமிடம் பார்த்த ஊரைப் பற்றி இதற்குமேல் எழுதுவது முறையன்று. ஆயினும் ஊர் விட்டு ஊர் பிழைக்கப் போனவர்கள் படிக்கும் இதழில் இதை எழுதாமல் விடவும் மனம் வரவில்லை.

ஓக்வென் என்னும் ஏரிக்கரையில் இறங்கினோம். ஐரிஷ் தபால் வண்டிகளுக்காகத் தாமஸ் டெல்போர்டு இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமைத்த நெடுஞ்சாலை அங்கே மலைகளின் நடுவே செல்கிறது. எங்கள் கூட்டத்தில் பதினான்கு பேர். வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். பெத்தெஸ்டாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் முதலில் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். நான் ஆபீசுக்குப் போட்டுப்போகும் தோல் செருப்புடன் நின்றிருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பியிருப்பார். நல்லவேளையாக, தங்கையின் கணவர் தம் பழைய பூட்ஸ் ஒன்றைக் கொடுத்து, அளவு பெரிதாக இருந்ததால் இரண்டு ஜோடிக் காலுறையும் போடவைத்திருந்தார். நான் கையில் வைத்திருந்த குடையைப் பார்த்து அம்மையார் புன்னகை செய்தார். ஏனென்று கால்மணி நேரத்தில் காற்றே எனக்கு விளக்கிவிட்டது. குடை கவிழ்ந்து கம்பி மூன்று ஒடிந்தது.

நடையின் விதி எனக்கு மிகவும் பிடித்தது. அம்மையார் முன்னால் செல்வார். அவருடைய உதவியாளரான இளைஞர் கடைசி ஆளுக்கும் பின்னால் வருவார். முன்னவரை எவரும் முந்தக்கூடாது. பின்னவருக்குப் பின்னால் எவரும் தங்கக்கூடாது. நடையின் வேகம் கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம். இதை நம் வண்டிகளிலிருந்துதான் கற்றார்களோ என்று நினைத்தேன். முன்னால் டிரைவர், பின்னால் கார்டு. நம் வண்டியின் கடைசிப் பெட்டியில் 'எல்.வி.' என்ற பலகை தொங்குவதைப் பார்த்தால்தான் வண்டி முழுதாக வந்தது என்று நிலைய அதிகாரி ஒப்புக்கொள்வார். அன்று எங்கள் கடைசிப் பெட்டி ஒரு கிழவர். பள்ளிக்கூடத்தில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலிக்காக இரு கைகளிலும் ஊன்றுகோல் வைத்திருந்தார். என் மகளும் அவருடன் சேர்ந்துகொண்டாள். கூட்டத்தில் இருந்த இரு வாலிபர்களுக்கு இந்த வேகம் பிடிக்கவில்லை என்பது அவர்கள் தோளைக் குலுக்கிக்கொண்டதிலிருந்து தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடிக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தவனுக்கு எல்லாவற்றையும் சீக்கிரம் பார்த்துவிட வேண்டுமென்ற ஆசை.

மரப்பாலம் ஒன்றைக் கடந்ததும் கல் பாவிய பாதை மேலே செல்கிறது. சிறிது தூரத்தில் அம்மையார் பாதையோரத்துப் பாறை ஒன்றின் அருகே நின்றார். யானை படுத்திருப்பதுபோன்ற வழுவழுப்பான பாறை. "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டார். ஒருவர் பாசி என்றார். ஒருவர் விரிசல் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாறை பாறையாகத்தான் தெரிந்தது. அம்மையார் தம் புட்டியிலிருந்து சிறிது நீரை அதன்மேல் ஊற்றினார். நனைந்த பாறையில் கோடுகள் எழுந்தன. ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே திசை நோக்கி, அம்மியைக் கொத்திய உளியின் தடம்போல. பனிக்கட்டி ஆறு ஒன்று தன் அடியில் சிக்கிய கற்களை இழுத்துக்கொண்டு இப்பாறைமேல் ஊர்ந்து சென்றபோது கீறிய கீறல்கள் அவை. ஆறு வந்த பக்கம் பாறை தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. மறுபக்கம் பிய்த்து எடுத்ததுபோல் கரடுமுரடாக இருந்தது. பதினோராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்வரை இப்பள்ளத்தாக்கில் பனிக்கட்டி இருந்ததாம்.

அங்கே நின்றபடியே அவர் ஒரு கதை சொன்னார். 1831 ஆகஸ்டு மாதத்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக் இவ்வழியே வந்தார். உடன் வந்தவர் 22 வயது இளைஞர். இருவரும் பல மணி நேரம் இப்பள்ளத்தாக்கின் பாறைகளை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தனர். பேராசிரியர் தேடியது பழைய கடல் உயிர்களின் எச்சங்களை. ஏனெனில் இம்மலைப்பாறைகள் ஏறக்குறைய 45 கோடி ஆண்டுகளுக்குமுன் கடலடியிலும் எரிமலைச் சாம்பலிலும் உருவானவை. தேடியதைக் கண்டனர், சுற்றிலும் கிடந்த பனிக்கட்டியின் தடயங்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை. கீறல்களின்மேலேயே நடந்து சென்றார்கள். அந்த இளைஞர்தாம் சார்லஸ் டார்வின். அவ்வாண்டு டிசம்பரில் பீகிள் கப்பலில் உலகம் சுற்றப் புறப்பட்டார். பனிக்கட்டி ஆறுகள் ஒருகாலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியை மூடியிருந்தன என்ற கருத்தை அகாசி என்ற அறிஞர் பின்னர் பரப்பினார். 1842இல் டார்வின் மீண்டும் இங்கே வந்தார். இம்முறை எல்லாம் தெரிந்தன. முன்பு தாமும் ஆசிரியரும் எப்படிக் குருடராக இருந்தோம் என்பதை வெட்கப்படாமல் எழுதியும் வைத்தார்.

"உலகத்திலேயே கூர்மையான கண்களில் ஒன்று இங்கே ஏமாந்தது. ஆகவே உங்களில் பாசி என்று சொன்னவர் வருந்தவேண்டாம்" என்றார் அம்மையார்.

சற்றுத் தொலைவு சென்றதும் பாதை திரும்பியது. ஏரி முன்னால் விரிந்தது. அரை மைல் நீளம் இருக்கும். கடல்மட்டத்துக்குமேல் சுமார் 370 மீட்டர். மூன்று பக்கமும் கரிய பாறைச் சுவர். வடக்கு மட்டும் திறந்திருக்கிறது. இரு கைகளையும் குவித்துத் தண்ணீர் ஏந்தினால் எப்படி இருக்குமோ அப்படி. இத்தகைய இடத்துக்கு வெல்ஷ் மொழியில் 'கும்' என்று பெயர். கும் இட்வல் என்றால் இட்வலின் கும். இட்வல் ஓர் இளவரசனாம். பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்பட்ட இடத்தில் பொறாமையால் இந்த ஏரியில் தள்ளிக் கொல்லப்பட்டானாம். அன்றுமுதல் இந்நீரின்மேல் எப்பறவையும் பறப்பதில்லை என்பது பழங்கதை. அம்மையார் இதைச் சொல்லி முடிக்கும் தறுவாயில், "அப்பா, அதோ!" என்று என் மகள் கையை நீட்டினாள். கடற்காகம் ஒன்று ஏரியின் நடுவே நிதானமாகப் பறந்துகொண்டிருந்தது. கூட்டம் முழுவதும் சிரித்தது. "அது இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும், அதற்கு எங்கள் கதை தெரியாது" என்றார் அம்மையார்.

அந்தக் கும் என்ற சொல் எவரெஸ்டுவரை ஏறியிருக்கிறது. எவரெஸ்டின் மேற்குப் பக்கத்துப் பனிப்பள்ளத்துக்கு 1921இல் மல்லோரி 'வெஸ்டர்ன் கும்' என்று பெயரிட்டார். 1953இல் டென்சிங்கும் ஹில்லாரியும் அதன் வழியாகத்தான் சிகரத்துக்குச் சென்றனர். அக்குழுவினர் முன்கூட்டிப் பயிற்சி செய்ததும் இந்த எரரி மலைகளில்தான்.

எரரி என்று நான் எழுதுவதை ஆங்கிலப் புத்தகங்களில் ஸ்னோடோனியா என்று படித்திருப்பீர்கள். 1951 முதல் இது தேசியப் பூங்கா. 2022 நவம்பரில் பூங்காவின் நிர்வாகம் எரரி என்ற பழைய பெயரையே இனி வழங்குவது என்று முடிவு செய்தது. கும் இட்வல் அதற்குள் அடங்கிய ஒரு கிண்ணம். 1954இல் வேல்ஸ் நாட்டிலேயே முதலாவதாக இயற்கைக் காப்பிடமாக்கப்பட்டது.

ஏரிக்கரையில் உணவுக்கு அமர்ந்தோம். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்ததும் மணம் நாலு பக்கமும் போயிற்று. ஆளுக்கு ஒரு கரண்டியாவது கொடுக்காமல் இருக்க முடியுமா? நிலவியல் ஆசிரியர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். அம்மையார், தேநீரில் ஊறிய உலர்பழம் சேர்த்த 'பாரா ப்ரித்' என்ற ரொட்டியை எங்களுக்குத் தந்தார். அப்போதுதான் பேச்சு மொழிப்பக்கம் திரும்பியது.

வெல்ஷ் மொழியில் ஏரிக்கு உரிய சொல்லின் தொடக்கத்தில் ஓர் எழுத்து உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு எல் போட்டு எழுதுகிறார்கள். நாவின் நுனியை லகரத்துக்கு வைப்பதுபோல் மேலே ஒட்டிக்கொண்டு, குரல் எழுப்பாமல், பக்கவாட்டில் காற்றை மட்டும் விடவேண்டும். அனைவரும் முயன்றோம். எனக்கு வந்தது பூனைச் சீற்றம். இந்த ஓர் எழுத்தைக்கொண்டே வெளியூராரை அடையாளம் காண்போம் என்றார் அம்மையார். மகள் உடனே, "எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லி, 'மழை' என்றாள். 'வாழை' என்றாள். 'ஏழு' என்றாள். இப்போது வெள்ளைக்காரர்கள் எல்லோரும் நாவை மடித்துக்கொண்டு திண்டாடினார்கள். அம்மையாருக்கு மட்டும் மூன்றாம் முறையில் ஏறக்குறைய வந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. "இதை எப்படி எழுதுவாய், அம்மா?" என்று கிழவர் அவளிடம் ஒரு பென்சிலை நீட்டினார். மகள் என்னைப் பார்த்தாள். வீட்டில் அவள் தமிழ் பேசுவாள், தெருவில் ஒடியா, பள்ளியில் ஒடியாவோடு இந்தியும் ஆங்கிலமும் எழுதுவாள். தமிழ் எழுத்தை அடுத்த விடுமுறையில் தொடங்கலாம் என்று நான் தள்ளிப்போட்டதில் நான்கு விடுமுறைகள் கழிந்துவிட்டன. சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு அனுப்பலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கே ஷிப்டு. காரணங்களுக்குக் குறைவில்லை. அவள் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அம்மையார் அதைக் கவனித்தாரோ இல்லையோ, தம் மொழியைப் பற்றிச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிப் பிடிபட்ட குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். அக்குழந்தை வெல்ஷ் பேசும் இன்னொரு குழந்தையைக் காட்டிக் கொடுத்தால் துண்டு அதன் கழுத்துக்கு மாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அக்குழந்தைக்கு அடி. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 5,38,000 பேர். நூற்றுக்குப் பதினெட்டுக்கும் குறைவு. ஆனால் பெத்தெஸ்டா அடங்கிய குவினெத் பகுதியில் நூற்றுக்கு 64 பேர் பேசுகிறார்கள். எவரும் என் மகள் கழுத்தில் எதையும் கட்டவில்லை. இதை நினைத்தபோது பாரா ப்ரித் தொண்டையில் நின்றது.

பிறகு அம்மையார், "கும் என்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்?" என்று என்னைக் கேட்டார். பள்ளத்தாக்கு என்றேன். அது நீண்டு கிடப்பது. இது குவிந்து கிடப்பது. கணவாய் அன்று, அதில் வழி உண்டு. சாரல் அன்று, அது மலையின் பக்கம். மலைமேல் நிற்கும் நீருக்குச் சுனை என்று சொல்லுவோம் என்றேன். "சுனை" என்று அவர் சொல்லிப் பார்த்தார். அரை மைல் நீளமுள்ள நீருக்குச் சுனை சிறிய சொல்தான். இருப்பினும் அந்தக் கரிய பாறைகளுக்கு நடுவே அச்சொல்லைக் கேட்க நன்றாக இருந்தது. மகள் தன் குறிப்பேட்டில் அதை ஒடியா எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

ஏரியின் மேற்குக்கரையில் சிறு சிறு மேடுகள் வரிசை வரிசையாக உள்ளன. புதைத்த பிணங்களின் மேல் எழுப்பிய மண்மேடுபோல் இருந்ததால் எனக்கு முதலில் ஒருமாதிரியாக இருந்தது. பனிக்கட்டி உருகிப் பின்வாங்கியபோது தான் சுமந்துவந்த கல்லையும் மண்ணையும் போட்டுவிட்டுப் போன குவியல்கள் அவை. பொதி இறக்கிய இடம். சற்று அப்பால் வீட்டளவு பெருங்கல் ஒன்று நான்காய்ப் பிளந்து கிடக்கிறது. டார்வின் 1842இல் பார்த்து வியந்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. மகளுக்கு மாமல்லபுரத்துக் கண்ணனின் வெண்ணெய்ப்பந்து நினைவுக்கு வந்துவிட்டது. "அதையும் பனிதான் கொண்டுவந்ததா?" என்று கேட்டாள். கிழவர் படத்தைக் காட்டச் சொன்னார். தங்கையின் கணவர் கைபேசியில் தேடிக் காட்டினார். "இல்லை, இது அங்கேயே இருந்தது. வெயிலும் மழையும் சுற்றியிருந்ததைத் தின்றுவிட்டு இதை மட்டும் மிச்சம் வைத்திருக்கின்றன. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கல்லுக்கு ஒரே கதை என்று நினைக்கக்கூடாது" என்று அவளிடம் பொறுமையாகச் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் இந்தியாவில் எந்தப் பகுதி?" என்று கேட்டார்.

தமிழன் என்றும், ஒடிசாவில் இரயில்வே எழுத்தர் என்றும் சொன்னேன்.

"ஒடிசாவா? தால்சேர் உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தால்சேர் எனக்குத் தெரியுமா! சரக்குப் பிரிவில் இருந்த ஏழு ஆண்டுகளில் நான் தட்டச்சு செய்த சொற்களுள் என் பெயருக்கு அடுத்தபடி தால்சேராகத்தான் இருக்கும். இரவும் பகலும் அங்கிருந்து நிலக்கரி வண்டிகள் வரும். எத்தனை வேகன், எத்தனை டன், எங்கே அனுப்புவது என்பதே என் பிழைப்பு. அக்கரி பாராதீப் துறைமுகம் சென்று கப்பலேறித் தமிழ்நாட்டு மின்நிலையங்களுக்குப் போகிறது. என் தாயாரின் ஊரில் எரியும் விளக்கில் என் கையெழுத்தும் கொஞ்சம் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன்.

நிலக்கரி ஊர் என்று சொன்னேன். கிழவர் தலையசைத்தார். "கரிக்கும் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்ததுண்டா?"

பார்த்ததில்லை. அங்கே கரிப்பாறைக்கு அடியில், மாவுபோன்ற மெல்லிய களிப்பாறைக்குள் பெருங்குண்டுக் கற்கள் புதைந்து கிடக்கின்றன என்று அவர் விளக்கினார். ஓடும் தண்ணீர் இப்படிச் செய்யாது. தண்ணீர் கனமானதை முதலில் போடும். மெல்லியதைத் தூரத்துக்குக் கொண்டுபோகும். இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துப் போடுவது எது? 1856இல் பிளான்போர்டு சகோதரர் என்ற இரு இளைஞர்கள், நிலவியல் ஆய்வுத்துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், தால்சேரில் இதைப் பார்த்துவிட்டுப் பனிக்கட்டியின் வேலைதான் என்று எழுதினார்கள். வெயில் கொளுத்தும் ஒடிசாவில் பனிக்கட்டியா என்று எளிதில் எவர் நம்புவார்? ஆனால் அவர்கள் சொன்னதே பின்னர் உறுதியாயிற்று. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்குமுன் இந்திய நிலம் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு தென்துருவத்தின் பக்கம் கிடந்தது. அந்தப் பனி இறக்கிவைத்த கற்கள் அவை. நிலவியல் படிப்பவர் உலகெங்கும் தால்சேர் என்ற பெயரை மனப்பாடம் செய்கிறார்கள்.

"நான் நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். அந்த இடத்தைப் பார்த்த ஒருவரை இன்றுதான் சந்திக்கிறேன்" என்றார் கிழவர்.

நான் அந்த இடத்தைப் பார்த்தவன்தானா? மகளின் முன்னால் எனக்கு நாணமாக இருந்தது. தால்சேர் நிலையத்தில் வண்டிக்காக எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். தூசியைத் திட்டியிருக்கிறேன். தேநீர் சரியில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன். மூன்று கண்டம் தாண்டி, மழைக்கோட்டு அணிந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சொல்லித்தான் என் வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ளது எதுவென்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. டார்வினாவது பதினோரு ஆண்டில் திரும்பி வந்து பார்த்துவிட்டார்.

பிற்பகலில் மேகம் இறங்கியது. ஏரியின் தலைப்பக்கத்தில் பாறைச்சுவர் இரண்டாகப் பிளந்த பெரிய வெடிப்பு உண்டு. வெல்ஷ் மொழியில் அதன் பெயருக்குக் கரும்பொந்து என்று பொருள். ஆங்கிலத்தில் 'பிசாசின் அடுக்களை'. மேகம் அதிலிருந்து புகைபோல் எழும்புவதைப் பார்த்தால் ஆங்கிலப் பெயரும் பொருத்தம்தான். அதன் அடிவரை ஏறுவது அன்றைய திட்டம். அங்குள்ள ஈரமான பாறை இடுக்குகளில் அரிய செடிகள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்டு ல்வித் என்ற வெல்ஷ் அறிஞர் இம்மலைகளில் கண்டெடுத்த சிறு வெள்ளை அல்லிப்பூ அவற்றுள் ஒன்று. பிரித்தானியாவில் எரரியைத் தவிர வேறெங்கும் இல்லை. பனிக்காலத்தின் எச்சமான அப்பூ, உலகம் சூடாகிக்கொண்டு போவதால் மேலே ஏற இடமின்றி நிற்கிறது. ஜூன் மாதமே பருவம். ஆனால் அம்மையார் படத்தைத்தான் காட்டினார். எந்த இடுக்கு என்று வாலிபர் ஒருவர் கேட்டதற்கு, "அதை நான் யாருக்கும் சொல்வதில்லை" என்று முடித்துவிட்டார். முன்காலத்தில் பூ விரும்பிகள் பிடுங்கிப் பிடுங்கியே இதை அருகச் செய்தார்களாம்.

பாதி தூரம் ஏறியிருப்போம். கற்படிகள் மழையில் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிட்டன. முன்னால் செல்பவரின் முதுகு மட்டுமே தெரிந்தது. அம்மையார் நின்று, கடைசி ஆள் வரும்வரை காத்திருந்து, தலைகளை எண்ணினார். பிறகு இரண்டே வார்த்தை சொன்னார்: "இன்று போதும்."

வாலிபர்கள் வாதாடினார்கள். இன்னும் இருபது நிமிடந்தானே என்றார்கள். மனத்துக்குள் நானும் அவர்கள் பக்கம். ஐயாயிரம் மைல் கடந்து வந்தவன் கரும்பொந்தைக் காணாமல் திரும்புவதா? அம்மையார் கோபிக்கவில்லை. "மலை அடுத்த வாரமும் இங்கேதான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினார். அடுத்த வாரம் நான் இருக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது கிழவரைப் பார்த்தேன். அவர் ஊன்றுகோல்களை ஊன்றிக்கொண்டு பேச்சின்றி நின்றார், முகம் வெளுத்திருந்தது. தமக்காகத்தான் திரும்புகிறார்களோ என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். என் மகள் அவர் பக்கத்தில் போய், "எனக்குக் கால் வலிக்கிறது" என்று உரக்கச் சொன்னாள். அவள் கால் வலிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குள் உதவியாளர் கிழவரின் பையை வாங்கித் தம் தோளில் போட்டுக்கொண்டார். இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்பதை என் முழங்கால் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தது. அம்மையார் இன்னொரு பாறையின் அருகே நின்று ஏதோ கேட்டார். ஈரத்தில் அந்தப் பாறை முழுவதும் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. இம்முறை அவர் தண்ணீர் ஊற்றவேண்டியிருக்கவில்லை. அனைவரும் ஒரே குரலில் விடை சொன்னோம்.

சாலைக்கு வந்ததும் மறுபடியும் எண்ணிக்கை. பதினான்கு. கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தால்சேரில் அந்தப் பாறையைப் பார்த்தால் ஒரு படம் எடுத்து அனுப்பவேண்டும் என்று முகவரி எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்தபின் ஒரு ஞாயிறு தால்சேருக்குப் போனேன். ஆற்றங்கரையில் நிலக்கரிக்காரர் ஒருவரின் துணையோடு பாதிநாள் அலைந்து, களிப்பாறைக்குள் பதிந்த ஒரு குண்டுக்கல்லைக் கண்டேன். கைதேர்ந்தவர் பார்த்தால் அது சரியான பாறைதானா என்று சொல்வார். படத்தை அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

அன்று மாலை பாங்கரில் இரயிலேறியபோது மூவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். தங்கையின் கணவர் உட்கார்ந்த உடனே உறங்கிவிட்டார். மகள் குறிப்பேட்டைத் திறந்தாள். ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. "அப்பா, சுனை என்பதைத் தமிழில் எழுதிக் காட்டு" என்றாள். எழுதினேன். ஐகாரத்தின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதைப் பார்த்து, "ஒடியாவிலும் ஒன்று இப்படித்தான் முன்னால் வந்து நிற்கும்" என்றாள். பிறகு, மழை என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். நடுவெழுத்தை விரலால் தொட்டு, "இதுதானா அது?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லி ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துக் காட்டினேன். முதலில் ம; அடுத்து வருவது ஐகாரக் கொம்பு; கடைசியில் நிற்பதுதான் ழ. வண்டி குகைக்குள் புகுந்தது. வெளியே வந்தபோது அவள் ஏற்கனவே ஆறேழு எழுதியிருந்தாள். சுழி இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்று ஒன்றுக்கொன்று சண்டையிட்டுக்கொண்டிருந்தன. செஸ்டர் வந்து வண்டி மாறும்போது அந்தப் பக்கம் நிறைந்துவிட்டிருந்தது.